மாரப்பனார் மிஸ்ஸிங்

கொங்கு நாட்டுத் தொழில் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்கதும், வருங்காலத் தலைமுறைகள் எழுந்து நின்று வாசிக்க வேண்டியதுமான செய்தி ஒன்று இதன் மூலம் உலகோர்க்கு அறிவிக்கப்படுகிறது: பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு புதன்கிழமை காலை நல்ல நேரத்தில், டாக்டர் மா. திருமூர்த்தி அவர்கள் தமது சொந்தக் கையால் ஒரு லாரிக்கு ஆறு ஸ்பார்க் பிளக் மாற்றினார்கள்.

டாக்டர் என்றதும் கையில் ஊசியோடு யாரையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். திருமூர்த்தி தண்ணீர் மோட்டார் செய்து விற்பவர். எந்தக் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறதென்று அவருக்கே தெரியாத ஒரு பல்கலைக்கழகம், கோயமுத்தூர் ஓட்டல் ஒன்றில் மதியச் சாப்பாட்டோடு சேர்த்து அந்தப் பட்டத்தை வழங்கியது. அன்றிலிருந்து வீட்டுக்கு வரும் கேஸ் சிலிண்டர் ரசீதில்கூட அவர் டாக்டர்தான். மேடைகளில் போர்த்தப்பட்ட பொன்னாடைகளை வைப்பதற்கென்றே அவர் மனைவி சென்னியம்மாள் ஒரு பீரோவைக் காலி செய்து கொடுத்திருந்தார். அதில் இன்னும் ஒரு தட்டு காலியாக இருந்தது. அந்தத் தட்டு, சங்கத் தலைவர் ஆனதும் வந்து குவியப்போகும் பொன்னாடைகளுக்கு.

சங்கம் என்பது வடகோவை மோட்டார் பம்பு உற்பத்தியாளர் நலச் சங்கம். ஐம்பது வருஷத்துக்கும் முன்னால் ஆறு பேர் கூட்டாக ஒரு பட்டறை போட்டார்கள். மிலிட்டரி ஏலத்தில் ஒரு பெட்ரோல் லாரி எடுத்தார்கள். பிறகு, வழக்கம்போல, சண்டை போட்டு ஆளுக்கொரு பட்டறையாகப் பிரிந்தார்கள். பிரிந்த பிறகு சண்டையை முறையாக நடத்துவதற்காக ஒரு சங்கம் வைத்தார்கள். அந்தச் சங்கத்துக்குத்தான் வருகிற ஞாயிற்றுக்கிழமை பொன்விழா. அந்த ஆதி லாரி முன்னால் செல்ல, மேட்டுப்பாளையம் ரோட்டில் ஊர்வலம். வீரபாண்டிப் பிரிவுக்குப் பக்கத்தில் புதிய கட்டடம் திறப்பு. அங்கேயே மேடையில் புதிய தலைவர் தேர்வு. தேர்தல் என்ற அநாகரிகமெல்லாம் சங்கத்தில் கிடையாது. பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்; 'ஏகமனதாக' என்று மைக்கில் சொல்வார்கள்; முடிந்தது. லாரியைக் கம்பீரமாக ஓட்டிக்கொண்டு வந்து இறங்குகிறவர் முகத்தைத்தான் அப்போது எல்லோரும் பார்ப்பார்கள் என்பது திருமூர்த்தியின் கணக்கு. அதற்காகத்தான் இந்த பிளக் மாற்றும் வைபவம்.

லாரி, சொல்லப்போனால், நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பட்டறை வைத்திருக்கும் முகமது ரியாஸ் மாதம் ஒரு முறை வந்து ஸ்டார்ட் செய்து வைப்பான். ஆனால் ஓடுகிற ஒன்றை ஓடவிட்டுவிட்டு நிற்பது தலைமைப் பண்பாகாது. புது பிளக், புது பிளக் ஒயர், புது டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பாயிண்ட், கண்டென்சர் எல்லாம் வாங்கி வரச் செய்தார். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகன் மிதுன் லீவு போட்டு வந்து வீடியோ எடுத்தான். ரியாஸ் படத்தில் விழாதபடி குனிந்து நின்றுகொண்டு, இது இங்கே, அது அங்கே என்று விரலைக் காட்டினான். விரல் விழுந்த இடங்களை மிதுன் பிறகு வெட்டிவிட்டான். வண்டி உறுமாமல் சிணுங்காமல் ஓடியது.

அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆறு சிலிண்டர், ஆறு ஒயர், ஆறு ஸ்தாபகர் என்ற எண்ணிக்கைப் பொருத்தம் திருமூர்த்தியின் மூளையில் மின்னலாக வெட்டியது. ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு ஸ்தாபகர் பெயரைச் சூட்டுவது என்று முடிவாயிற்று. சங்க ஆபீசைக் கவனித்துக்கொள்ளும் பிரவீனா, பளபளப்பான ஸ்டிக்கரில் ஆறு பெயர்களையும் அச்சடித்துக்கொண்டு வந்து, ரேடியேட்டர் பக்கத்திலிருந்து வரிசையாக ஒயர்களில் ஒட்டினாள். யார் முன்னால் யார் பின்னால் என்ற வம்பு வரக்கூடாதென்று, புத்திசாலிப் பெண், அகர வரிசையில் ஒட்டினாள். அங்கமுத்து, குருசாமி, செல்லப்பன், பொன்னுசாமி, மாரப்பன், வேலுச்சாமி. எல்லாப் பெயருக்கும் ஒரு 'ஆர்' விகுதி. சந்தனம், குங்குமம் வைத்துச் சூடம் காட்டினார்கள். இனி யாரும் ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர் என்று சொல்லக்கூடாது, பெயரைத்தான் சொல்ல வேண்டும், இது என்ன ஜெயிலா என்று திருமூர்த்தி ரியாஸிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

வீடியோ சங்கத்தின் வாட்ஸப் குழுவுக்குப் போனது. கும்பிடும் கைகளாகக் கொட்டின. அவற்றுக்கு நடுவே சரவணன் ஒரு வரி எழுதியிருந்தான். 'எங்கப்பாவை நாலாவதாகவும் உங்கப்பாவை அஞ்சாவதாகவும் வெச்ச பெருந்தன்மைக்கு நன்றிங்ணா.'

சரவணன், பொன்னுசாமியின் மகன். திருமூர்த்திக்குப் பங்காளி முறை. வயதில் சின்னவன். பேட்டரியில் ஓடும் சரக்கு வண்டி ஒன்று புதிதாக வாங்கி, அதன் இரண்டு பக்கமும் தன் முகத்தையே வரைந்து வைத்திருப்பவன். அவனுக்கும் அவன் வீட்டில் ஒரு பீரோ இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். லாரிக்கு ஏதாவது ஆனால் ஊர்வலத்துக்கு முன்னால் தன் வண்டி போகும் என்று அவன் போன கமிட்டியிலேயே ரொம்பப் பணிவாகச் சொல்லி வைத்திருந்தான்.

திருமூர்த்தி அந்த வரியைப் படித்தார். வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தார். உண்மைதான். தன் தகப்பன் மாரப்பன், பங்காளியின் தகப்பனுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். பகரத்துக்குப் பின்னால் மகரத்தை வைத்த தமிழ் நெடுங்கணக்கின் மீதே அவருக்குக் கோபம் வந்தது. கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் ஒரு வரி கீழே இறங்கியதற்காக மூன்று வருஷம் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்த குடும்பம் அது. சாயங்காலமே லாரி நின்ற கொட்டகைக்குத் தனியாகப் போனார்.

ஸ்டிக்கரை உரித்து மாற்றி ஒட்டலாம். ஆனால் சந்தனம் வைத்துச் சூடம் காட்டிய தகப்பன் பெயரை நகத்தால் சுரண்டுவதா? அதுவும் பொன்விழா வாரத்தில்? எனவே திருமூர்த்தி ஒரு நொடியும் தயங்காமல் பெயரை அப்படியே விட்டுவிட்டு ஒயரை மாற்றினார். நாலாவது பிளக்கிலிருந்து பொன்னுசாமியாரைப் பிடுங்கி அஞ்சாவதில் மாட்டினார். அஞ்சாவதிலிருந்த மாரப்பனாரை நாலாவதில் மாட்டினார்.

இதில் ஏதாவது கெடுதல் வருமா என்று அவர் யோசிக்காமல் இல்லை. முப்பது வருஷம் மோட்டார் தொழிலில் இருப்பவர் அல்லவா? மூன்று பேஸ் மோட்டாரில் இரண்டு ஒயரை இடம் மாற்றினால் என்ன ஆகும்? சுற்றுகிற திசை மாறும். அவ்வளவுதான். வடகோவையில் அது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அதனால் ஜாக்கிரதையாக, வண்டியை ஒரே ஒரு விநாடி ஸ்டார்ட் செய்து, ஃபேன் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று மட்டும் பார்த்தார். சரியான பக்கம்தான் சுற்றியது. நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்.

பெட்ரோல் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் நெருப்பு போகும் முறை ஒன்று உண்டு. அது வரிசையாகப் போவதில்லை; ஒயர் மாறினால் நெருப்பு நேரம் தப்பி வந்து அந்த சிலிண்டர் படுத்துவிடும். இந்த எஞ்சினில் முதலாவதற்கு அடுத்து அஞ்சாவது. எல்லாம் முடிந்து கடைசியில்தான் நாலாவது. அதாவது பிரவீனா ஒட்டியபடியே விட்டிருந்தால் நெருப்பு மரியாதையில் மாரப்பனார் இரண்டாமிடத்திலும் பொன்னுசாமியார் கடைசியிலும் இருந்திருப்பார்கள். ஒரு பழைய எஞ்சின் தானாக முன்வந்து கொடுத்த கௌரவத்தை மகனே கழற்றிப் பங்காளியிடம் கொடுத்திருந்தார். அவரிடம் இதைச் சொல்லக்கூடிய ஆள் அந்த ஊரில் இல்லை. தெரிந்த ஆள் இருந்தான். சொல்லக்கூடிய ஆள் இல்லை.

மறுநாள் காலை ஒத்திகை ஓட்டத்துக்கு ஸ்டார்ட் செய்ததும் லாரி, பேய் பிடித்தவள் தலையை ஆட்டுகிற மாதிரி ஆடியது. சைலன்சரில் ஒரு வெடி, கார்புரேட்டரில் ஒரு இருமல். எதிரே டீக்கடையில் ஒருவர் டம்ளரைக் கீழே போட்டார். ரியாஸுக்கு ஆள் போயிற்று. அவன் வந்து பானெட்டைத் திறந்து, ஏதோ சிலிண்டர் வேலை செய்யவில்லை என்பதை, மிஸ்ஸிங் அடிக்கிறது என்று பட்டறை பாஷையில் சொன்னான். ஒயர்களை டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தான். நாலாவதிலும் அஞ்சாவதிலும் விரல் நின்றது.

"மொதலாளி, இந்த ரெண்டையும் ஆரோ மாத்திப்போட்டாங்களாட்ட இருக்குதுங்க" என்றான்.

"ஆரும் மாத்துல. நான்தான், என்ற கையால போட்டது."

ரியாஸ் முதலாளியின் முகத்தைப் பார்த்தான். முதலாளியின் மூன்று கார்களும் இரண்டு வேன்களும் தன் பட்டறைக்கு வருவதை நினைத்துப் பார்த்தான்.

"அப்பச் செரியாத்தானுங்க இருக்கும்" என்றான்.

இந்த வட்டாரத்து மரியாதை உலகப் புகழ் பெற்றது. சொல்லுக்குச் சொல் ஒரு 'ங்க' போட்டுப் பேசுவார்கள். கிணற்றை நோக்கி நடக்கிறவரைக்கூட 'பார்த்துப் போங்க' என்பதற்கு மேல் தடுக்க மாட்டார்கள். தடுத்தால் அவருக்குக் கண் தெரியவில்லை என்று சொன்னதாக ஆகிவிடும். அந்த மரியாதை முழுவதும் இப்போது லாரியைச் சுற்றி வந்து நின்றது. பெட்ரோல் சரியில்லையோ என்றார் ஒருவர். டேங்கைக் காலி செய்து புதிதாக ஊற்றினார்கள். கண்டென்சர் டூப்ளிகேட்டாக இருக்கும் என்றார் இன்னொருவர், அதையும் மாற்றினார்கள். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். மிதுன் செல்போனில் ஏதோ ஒன்றைக் கேட்டு, அது தந்த பதிலை ஆங்கிலத்தில் வாசித்தான். அதிலும் முதல் வரியாக ஒயர் வரிசையைச் சரிபார்க்கச் சொல்லியிருந்தது. அப்பா முறைத்ததால் அவன் இரண்டாவது வரிக்குப் போனான். வாஸ்து பார்க்கிறவர் வந்து, வண்டி தெற்கு பார்த்து நிற்பதாகக் கண்டுபிடித்தார். ஆறு பேர் சேர்ந்து தள்ளி வடக்கு பார்த்து நிறுத்தினார்கள். வடக்கு பார்த்தும் அது அதே மாதிரி இருமியது.

வெள்ளிக்கிழமை கமிட்டி நேரில் பார்க்க வந்தது. சரவணன் வந்தான். ஸ்தாபகர் ஆறு பேரில் இன்னும் உயிரோடு இருக்கும் ஒரே ஒருவரான வேலுச்சாமியை நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். நாக்குக்கு ஒரு குறையும் இல்லை. இத்தனை பேர் முன்னால் ஏதாவது செய்தாக வேண்டுமே என்று ரியாஸ் பட்டறைகளில் செய்கிற பழைய சோதனையை ஆரம்பித்தான். எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றிப் பார்ப்பது. கழற்றியதும் எஞ்சின் தொய்ந்தால் அந்த சிலிண்டர் அதுவரை வேலை செய்துகொண்டிருந்தது என்று அர்த்தம். கழற்றியும் ஒரு மாற்றமும் இல்லையென்றால் அது தண்டம்.

நம்பர் சொல்லக்கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. ரியாஸ் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவன். அங்கமுத்தனாரைக் கழற்றுவதாக உரக்க அறிவித்தான். எஞ்சின் தொய்ந்தது. அங்கமுத்தனார் வேலை செய்கிறார் என்று அறிவித்து மாட்டினான். அங்கமுத்துவின் பேரன் கூட்டத்தில் நிமிர்ந்து நின்றான். குருசாமியாரும் வேலை செய்தார். செல்லப்பனாரும் வேலை செய்தார். அடுத்து நாலாவது.

ரியாஸ் கழற்றினான். ஒன்றும் ஆகவில்லை. இல்லை, ஒன்று ஆயிற்று. எஞ்சினின் ஆட்டம் சற்றுக் குறைந்தது. அவன் ஒயரை மாட்டிவிட்டு மறுபடி கழற்றிப் பார்த்தான்.

"ஆரு அது?" என்று வேலுச்சாமி கேட்டார்.

"மாரப்பனாருங்க."

"என்னவாம்?"

ரியாஸ் திருமூர்த்தியைப் பார்த்தான். திருமூர்த்தி வானத்தைப் பார்த்தார்.

"அய்யா இருக்கறதுக்கு, கழட்டிப்போட்டா வண்டி கொஞ்சம் நல்லா ஓடுதுங்க" என்றான் ரியாஸ், முடிந்தவரை மரியாதையாக.

கிழவர் தலையை ஆட்டினார். "மாரப்பன் அப்பவே அப்படித்தான் கண்ணு. பட்டறையில அவனொருத்தன் வராத நாள்லதான் நாங்க அஞ்சு பேரும் நிம்மதியா வேலை பார்ப்போம்" என்றார் திருமூர்த்தியிடம், ஒரு ஆறுதல் சொல்கிற குரலில்.

யாரும் சிரிக்கவில்லை. மூன்று பேர் செல்போன் வந்ததாக நினைத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் போனார்கள். அஞ்சாவதாக இருந்த பொன்னுசாமியாரைக் கழற்றியபோதும் அதேதான் நடந்தது என்பது திருமூர்த்திக்குக் கொஞ்சம் தெம்பைத் தந்தது. ஆனால் சரவணனுக்கு அதில் வருத்தம் தெரியவில்லை. அவன் எஞ்சின் மேல் குனிந்து, ஒயர்களை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து பிளக் வரைக்கும் கண்ணால் ஒரு தடவை நடந்து பார்த்தான். பிறகு கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று அண்ணனுக்குத் தைரியம் சொல்லிவிட்டு, தன் வண்டிக்கு மாலை சொல்லி வைக்கப் போய்விட்டான். ரியாஸ் இன்னொரு செட் பிளக் போட்டுப் பார்க்கலாம் என்றான். போட்டார்கள்.

அன்றைக்கே திருமூர்த்திக்குப் புரிந்துவிட்டது. முட்டாளாக இருப்பதற்கும் ஒரு எல்லை உண்டல்லவா? சரியாக அந்த இரண்டு பெயர்கள். சரியாக அவர் கை வைத்த இரண்டு இடங்கள். சனிக்கிழமை பூரா கொட்டகைக்குப் போவதும் பானெட்டைத் தூக்குவதும் உள்ளே பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தார். மாற்றி மாட்டினால் வண்டி ஓடும், ஓடினால் தலைவர் பதவி. ஆனால் பொன்னுசாமியின் பெயர் முன்னால் போகும். போனால் வாட்ஸப்பில் சரவணன் இன்னொரு நன்றி சொல்வான். சாமி கும்பிட்டார். வண்டி தானாகவே சரியாகிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். எந்தத் தெய்வம் அந்த ஒயரை மாற்றி மாட்ட வேண்டும் என்று குறிப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் ஜமாப் மேளம் அடித்துக்கொண்டு ஆட்கள், அதற்குப் பின்னால் வாழைமரமும் மாலையுமாக லாரி, அதற்குப் பின்னால் சத்தமே இல்லாமல் சரவணனின் பேட்டரி வண்டி, பிறகு பட்டுக்கரை வேட்டியில் கமிட்டி. திருமூர்த்தி தலைப்பாகையோடு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். லாரி நாலு சிலிண்டரில் ஆடிக்கொண்டு ஊர்ந்தது. வெடி வெடித்தபோதெல்லாம் ஜனங்கள் கைதட்டினார்கள். ஏற்பாடு செய்த வேட்டு என்று நினைத்தார்கள். திருமூர்த்தியும் கையை ஆட்டினார். லேசான மேடு ஒன்று வந்தது. தண்ணீர் மோட்டார் விளம்பரங்களில் வரும் மலை அல்ல, ஒரு சைக்கிள் மிதிக்காமல் ஏறக்கூடிய மேடு. அதில் லாரி பெரிதாக ஒருமுறை வெடித்துவிட்டு நின்றது. மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை. பின்னால் பஸ்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கின.

சரவணன் இறங்கி வந்தான். நேராகப் போய் பானெட்டைத் தூக்கினான். கமிட்டி முழுக்கச் சுற்றி நின்றது.

"ஏனுங்ணா, நாலும் அஞ்சும் மாறிக் கெடக்குதுங். எங்கப்பன் முன்னால வந்தாத்தான் வண்டி நகருமாட்ட இருக்குது. மாத்திப்போடட்டுங்களா?"

தேனில் தோய்த்த கேள்வி. சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். எஞ்சின் ஓடும், ஊர்வலம் நகரும், மேடை வரும், மைக் வரும். திருமூர்த்தி ஒயர்களைப் பார்த்தார். சந்தனம் காய்ந்து, குங்குமம் கிரீஸோடு கலந்து, தகப்பன் பெயர் நாலாவது பிளக்கின் மேல் கம்பீரமாக நின்றது. சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். அத்தனை பேருக்கும் விஷயம் முன்பே தெரிந்திருக்கிறது என்பது முகங்களில் தெரிந்தது. ஒருவர்கூடச் சொல்லவில்லை.

"ஒயருல கை வெக்காதீங்க. தள்ளுங்க" என்றார்.

தள்ளினார்கள். மறுத்துப் பேசுவது மரியாதை இல்லையே. டிராக்டர் கூப்பிடலாம் என்று யாரோ சொன்னதற்கு, ஸ்தாபகர்களின் வண்டியை உழவுக்குப் பூட்டுகிற மாதிரி இழுப்பதா என்று திருமூர்த்தி ஸ்டியரிங்கிலிருந்தபடியே கேட்டார். பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஐம்பதும் அறுபதும் கடந்த தொழிலதிபர்கள் மிலிட்டரி இரும்பை மேட்டில் ஏற்றினார்கள். ஒருவருக்கு மூச்சு வாங்கியது. இன்னொருவருக்குச் செருப்பு அறுந்தது. சரவணன்தான் எல்லோருக்கும் முன்னால் தோள் கொடுத்துத் தள்ளினான். அவன் தள்ளுவது எல்லோருக்கும் தெரிகிற இடமாகப் பார்த்துத் தள்ளினான். திருமூர்த்தி முன்னால் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டே வந்தார். ஜமாப்காரர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு முன்னாலேயே போய்ச் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்துவிட்டிருந்தார்கள்.

மேடையில் பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எல்லா முகத்திலும் வேர்வை. லாரியிலிருந்து வேர்க்காமல் இறங்கிய ஒரே முகத்தை யாரும் பார்க்கவில்லை. வழக்கமாக அந்த இடத்தில் கை தூக்குவார்கள். தள்ளிய கைகளைத் தூக்க முடியாததால் வாயாலேயே சொன்னார்கள். சரவணன் ஏகமனதாகத் தலைவரானான். திருமூர்த்திக்கு 'நிரந்தரக் கௌரவ ஆலோசகர்' என்று ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அவர் ஏற்புரையில், பதவி வரும் போகும், தகப்பனை யாருக்கும் பின்னால் நிறுத்தவில்லை என்ற நிம்மதி போதும் என்றார். கைதட்டல் சுமாராக இருந்தது, கைகள் அப்படி.

பந்தி நடக்கும்போது ரியாஸ் லாரியிடம் போய் இரண்டு ஒயர்களையும் மாற்றி மாட்டினான். கட்டட வாசலை அடைத்துக்கொண்டு நின்ற வண்டியை எடுத்தாக வேண்டுமே. எஞ்சின் தையல் மெஷின் மாதிரி ஓடியது. இலையில் கையை வைத்தபடி திருமூர்த்தி அந்தச் சத்தத்தைக் கேட்டார். பாயசம் வேண்டாம் என்று சொன்னார்.

ரியாஸ் பானெட்டை மூடினான். மூடிய பிறகு ஆறு பெயர்களில் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை.